வலி வர ஊசியா, ஆபரேஷனா? விசுவாசி எதைத் தெரிந்துகொள்வது?



பிரசவ நேரத்தில் டாக்டர் இரண்டு வழியைச் சொல்லி, "எதுன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒரு விசுவாசி எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? இதைக் குறித்து எழுதும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் 27 வருஷம் ஸ்டாப் நர்சாக இருந்து ரிட்டையர் ஆனவள் என்பதால் கேட்டிருப்பார்கள். பிரசங்கம் பண்ணும் வரம் எனக்கு இல்லை. வார்டில் கண்டதையும் வேதத்தில் வாசித்ததையும் எழுதுகிறேன்.

கேள்வி நம் சபையிலிருந்துதான் வந்தது. தலைப்பிரசவத்துக்கு இருந்த ஒரு மகள். (அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) 40 வாரம் முடிந்து ஆறு நாள் ஆகியும் வலி வரவில்லை. குழந்தையின் தலை இறங்கவில்லை. எடை 3.8 கிலோ இருக்கலாம் என்று ஸ்கேனில் போட்டிருந்தது. டாக்டரம்மா பொறுமையாகவே பேசியிருக்கிறார்கள். அட்மிட் ஆகி வலி வர மருந்து வைத்துப் பார்க்கலாம், அது வேண்டாமென்றால் சிசேரியன் பண்ணிவிடலாம், இன்னும் ஒரு வாரம் சும்மா இருக்கச் சொல்ல எனக்கு மனசில்லை என்றார்களாம். வீட்டில் மாமியார், "கர்த்தர் குறிச்ச நேரம் வரும், நாம ஏன் அவசரப்படணும்?" என்றார்கள். அம்மாவோ, "ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம், பிள்ளை பத்திரமா வந்தாப் போதும்" என்றார்கள். புருஷன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். உபவாச ஜெபம் முடிந்து பாய் மடிக்கும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இந்த ரெண்டுல எது பாவமில்லாதது?" என்று கேட்டாள்.

எது நல்லது என்று கேட்கவில்லை பாருங்கள். எது பாவமில்லாதது என்று கேட்டாள். இந்த வார்த்தை எங்கேயிருந்து அவள் வாயில் வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். நாம் சாட்சி சொல்லுகிற விதத்திலிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ராகேலைப் பார்ப்போம். பெத்தேலிலிருந்து எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் அவளுக்குப் பிரசவ வேதனை கண்டது, கடுமையாக இருந்தது. பயப்படாதே, இதுவும் ஆண் பிள்ளைதான் என்று மருத்துவச்சி தேற்றினாள். பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள் (ஆதியாகமம் 35:16-20). இந்த ராகேல் யார்? தேவன் நினைத்தருளிக் கர்ப்பத்தைத் திறந்த ஸ்திரீ என்று அதற்கு முன்னே 30-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. யாக்கோபின் மனைவி. ஜெபம் இல்லாத வீடா அது? பெத்தேலில் பலிபீடம் கட்டிவிட்டுப் புறப்பட்ட குடும்பம். அவளுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால் செத்தாள் என்று வேதத்தில் ஒரு வார்த்தை உண்டா? இல்லை. யாக்கோபு அவள் கல்லறையின்மேல் ஒரு தூணை நிறுத்தினான் என்று மட்டும் இருக்கிறது. வேதம் பேசாமல் விட்ட இடத்தில் நாம் மட்டும் பேசி ஒரு பெண்ணின் தலையில் பாரத்தை வைக்கலாமா?

தாமாரின் பிரசவத்தையும் வாசித்திருப்பீர்கள். இரட்டைப் பிள்ளைகள். ஒன்று முதலில் கையை நீட்டினது. மருத்துவச்சி சிவப்பு நூலைக் கட்டினாள், கை உள்ளே போய்விட்டது, மற்றது பிறந்தது (ஆதியாகமம் 38:27-30). அந்த அதிகாரத்தை எப்போது வாசித்தாலும் என் வயிறு கலங்கும். குழந்தையின் கை முதலில் வெளியே வந்தது என்றால் எங்கள் வார்டில் அத்தனை பேரும் ஓடுவோம், தியேட்டருக்குப் போன் பறக்கும். அந்தக் காலத்தில் ஒரு நூலும் ஒரு கிழவியும் தவிர என்ன இருந்தது? தேவன் காத்தார், பேரேஸ் பிறந்தான், அவன் வம்சத்தில் நம் ஆண்டவரே வந்தார். ஆனால் அன்றைக்கு எத்தனை தாமார்கள் பிழைக்காமல் போனார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்?

அடுத்தது யாத்திராகமம் 1:19. நம் வீடுகளில் மாசமான பெண்களுக்கு இதை வாக்குத்தத்த வசனமாக எழுதிக் கொடுக்கிறோம். எபிரெய ஸ்திரீகள் பலசாலிகள், மருத்துவச்சி வந்து சேருமுன்னே பெற்றுவிடுகிறார்கள் என்கிற வசனம். அந்த மகளும் அதை அழகாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தாள். நான் அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. வசனத்தால் தைரியம் வந்தால் நல்லதுதான். ஆனால் அது யார் யாரிடம் சொன்னது என்று பாருங்கள். சிப்பிராள், பூவாள் என்கிற மருத்துவச்சிகள் பார்வோனுக்கு முன்னால் நின்று சொன்ன பதில் அது. ஆண் பிள்ளைகளைக் கொல்லு என்றவனிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றச் சொன்னது. இனி தேவ பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படித்தான் பிரசவமாகும் என்று கர்த்தர் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. அதே அதிகாரத்தில் கர்த்தர் யாருக்கு நன்மை செய்தார், யாருடைய குடும்பங்களைத் தழைக்கப்பண்ணினார்? மருத்துவச்சிகளுக்கு! இதைக் குறித்து நான் இன்னும் ஒரு பிரசங்கமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி என்றவுடனே சிலர் ஆசா ராஜாவைக் கொண்டுவருவார்கள். அவன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளைத் தேடினான் (2 நாளாகமம் 16:12). அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். யுத்தம் வந்தபோதும் அவன் கர்த்தரை விட்டுவிட்டு சீரியா ராஜாவுக்குப் பணம் அனுப்பினவன். கர்த்தரைத் தேடாததுதான் அங்கே குற்றம். எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த கர்த்தரின் தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபமும் பற்றும் ஒரே அறையில் நடந்தது.

இந்தச் சண்டை நம் சபையில் ஆரம்பித்ததும் அல்ல. 1847-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ பட்டணத்தில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற டாக்டர் பிரசவ வேதனைக்கு ஈத்தரும் பிறகு குளோரோபாமும் கொடுத்தார். வேதனையோடே பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லியிருக்க, வேதனையைக் குறைப்பது தேவ சித்தத்துக்கு விரோதம் என்று எதிர்ப்பு வந்தது. அவர் அந்த வருஷமே ஒரு சிறு புத்தகம் எழுதி வேதத்திலிருந்தே பதில் கொடுத்தார். ஆதாமின் விலாவைத் திறக்குமுன் கர்த்தர் அவனுக்கு ஆழ்ந்த தூக்கத்தை வரச்செய்தார் அல்லவா என்பது அவர் எடுத்துக்காட்டிய வாதங்களில் ஒன்று. 1853-ல் விக்டோரியா மகாராணியே தன் எட்டாவது பிரசவத்துக்குக் குளோரோபாம் வாங்கிக்கொண்டார். அதோடு வாய்ப்பேச்சு அடங்கத் தொடங்கியது. ராணி செய்தால் சரியாகிவிடுமா என்று எனக்கும் ஒரு சிரிப்பு வரும், அது வேறு.

இப்போது காத்திருப்பதைக் குறித்து. "கர்த்தருடைய நேரம்" என்று அந்த மாமியார் சொன்னது வேஷம் அல்ல, அவர்கள் ஜெபிக்கிற தாயார், எனக்குத் தெரியும். நம்முடைய காலங்கள் கர்த்தரின் கரத்தில் இருக்கிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிரசவ வார்டில் இருந்தவள் ஒன்று சொல்லவேண்டும். காத்திருப்பதும் நாம் எடுக்கிற ஒரு தீர்மானம்தான். ஊசி போட்டால் மனுஷன் கை, போடாவிட்டால் தேவன் கை என்று பிரிக்க முடியாது. நஞ்சு என்று சொல்கிறோமே, குழந்தைக்கு ஆகாரமும் மூச்சும் அனுப்புகிறது அதுதான். நாள் தள்ளிப்போகப் போக சிலருக்கு அதன் வேலை குறைகிறது. பனிக்குடத் தண்ணீர் வற்றுகிறது. சில குழந்தைகள் உள்ளேயே மலம் கழித்துவிடுகின்றன. ஸ்வீடன் தேசத்தில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2019-ல் வெளியானது. 41 வாரத்தில் வலி வரவைத்த தாய்மார் ஒரு பக்கம், 42 வாரம் வரை காத்திருந்தவர்கள் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2,760 பேர். காத்திருந்த பக்கம் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றப் பக்கம் ஒன்றும் இறக்கவில்லை. ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். காத்திருந்தவர்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குழந்தை நன்றாகத்தான் பிறந்தது, அதையும் சொல்ல வேண்டும். பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் அந்த ஆறு வீடுகளில் ஒன்று நம் வீடாக இருந்தால்?

வலி வர வைப்பது என்றால் என்ன என்று நம் சகோதரிகள் பலருக்குச் சரியாக யாரும் சொல்வதில்லை. போனவுடனே ஊசி குத்துவதில்லை. முதலில் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிப்பார்கள். பழுத்திருக்கிறதா, இளகியிருக்கிறதா, எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எங்கே நிற்கிறது என்று மார்க் போடுவார்கள். இந்த மார்க் முறையை 1964-ல் பிஷப் என்ற அமெரிக்க டாக்டர் கொடுத்தார். (சபை பிஷப் அல்ல, அவர் பெயரே அதுதான்!) மார்க் குறைவாக இருந்தால் முதலில் வாயை இளக வைக்க வேண்டும். அதற்கு ஜெல் வைப்பார்கள், அல்லது சிறிய பலூன் உள்ள ரப்பர் குழாய் வைப்பார்கள், அல்லது மாத்திரை. அதற்கே ஒரு ராத்திரி, ஒரு பகல் போகலாம். பிறகு பனிக்குடத்தை உடைத்து ட்ரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றுவார்கள். அந்த ஆக்சிடோசின் ஏதோ அந்நிய விஷம் என்று நினைக்கவேண்டாம். தாயின் மூளையிலேயே கர்த்தர் அதைச் சுரக்க வைத்திருக்கிறார். 1953-ல் டு விக்னோ என்ற விஞ்ஞானி அதை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டி 1955-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் ட்ரிப்ஸில் போகிற வலி சில சமயம் இடைவெளியில்லாமல் நெருக்கிக்கொண்டு வரும். அதனால்தான் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இதை ஆரம்பிக்கவே கூடாது. வீட்டிலேயே நர்சை வரவழைத்து "ஒரு வலி ஊசி போட்டுவிடுங்க" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நான் கைகூப்பிக் கேட்கிறேன், செய்யாதிருங்கள். முந்தின பிரசவம் சிசேரியன் என்றால் பழைய தையல் விட்டுப்போகிற ஆபத்து வேறு இருக்கிறது, அவர்களுக்குக் கணக்கே வேறு.

"ஊசி போட்டாலே கடைசியில கத்திதான்" என்று நம் பெண்கள் சொல்வார்கள். எல்லாருக்கும் அப்படி அல்ல. அமெரிக்காவில் 6,000-க்கு மேற்பட்ட தலைப்பிரசவப் பெண்களை வைத்து 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், 39 வாரத்தில் வலி வரவைத்தவர்களில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 பேருக்கும் சிசேரியன் ஆனது. வேறு நோய் எதுவும் இல்லாத பெண்கள், ஆள் பலமுள்ள ஆஸ்பத்திரிகள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் காத்திருக்கிற வார்டுக்கு அந்தக் கணக்கு அப்படியே வராது. ஆனாலும் பழமொழி மாதிரி சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை.

ஆபரேஷன் பக்கம் வருகிறேன். இப்போது சிசேரியன் சுலபம், அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். முடிந்துவிடும், உண்மைதான். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பதால் பெரும்பாலும் தாய் விழித்திருக்கிறாள், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கிறாள். நஞ்சு வழியை மறித்துக் கிடந்தாலோ, பிள்ளை குறுக்கே படுத்திருந்தாலோ, கொடி முதலில் இறங்கிவிட்டாலோ வேறு வழியே இல்லை. அங்கே யோசிக்க உட்காரக்கூடாது. ஆனால் அது வயிற்றைத் திறக்கிற பெரிய ஆபரேஷன் என்பதை மறக்கக்கூடாது. இரத்தம் அதிகம் போகலாம், புண் சீழ் பிடிக்கலாம், காலில் இரத்தம் உறையலாம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தப் பழைய தழும்பிலேயே ஒட்டிக்கொண்டு விடாமல் தொல்லை கொடுக்கலாம். எத்தனை சிசேரியன் ஆகிறதோ அந்த அளவுக்கு இந்த ஆபத்து கூடும். மூன்று நாலு பிள்ளைகள் வேண்டும் என்று ஜெபிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

1985-ல் உலக சுகாதார நிறுவனம் நூற்றுக்கு 10, 15-க்கு மேல் சிசேரியன் போக நியாயமில்லை என்று சொன்னது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியா முழுவதும் 21.5. நம் தமிழ்நாட்டிலோ 44.9! தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 63.8. நம் பெண்களின் இடுப்பு திடீரென்று சுருங்கிவிட்டதா? இந்தக் கணக்கில் எல்லாம் தேவைப்பட்டு நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பில்லுக்காக நடப்பதும் உண்டு, வழக்குக்குப் பயந்து நடப்பதும் உண்டு, குடும்பத்தாரே கேட்டு நடப்பதும் உண்டு. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து "ஒன்பதே காலுக்குள்ள எடுத்துருங்க டாக்டர்" என்று கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் புறஜாதியார் என்று நாம் சிரிக்கிறோம். நம்மிலேயே ராகுகாலம் தாண்டட்டும் என்று சொல்லாமல், "கொஞ்சம் ஜெபிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தவர்களையும் எனக்குத் தெரியும். கர்த்தருக்கும் தெரியும்.

ஆகையால் அந்த மகளிடம் நான் சொன்னது இதுதான். "ரெண்டுலயும் பாவம் இல்ல மகளே. டாக்டர்கிட்ட மூணு காரியம் கேளு. ஏன் இப்பவே? காத்திருந்தா எனக்கும் பிள்ளைக்கும் என்ன ஆபத்து? வலி வரவெச்சு நடக்கலன்னா எப்ப நிறுத்துவீங்க, ராத்திரியில தியேட்டர் இருக்கா? பதில் கேட்டப்புறம் முழங்கால் போடு. தெரியாததை வெச்சுக்கிட்டு ஜெபிக்காத." டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். நல்ல டாக்டர்கள் கோபப்படமாட்டார்கள். கோபப்பட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்.

இதைவிடக் கடினமானது அடுத்த காரியம். யார் தீர்மானிப்பது? பேப்பரில் யார் கையெழுத்து?

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த இடா ஸ்கடர் அம்மையாரின் சாட்சி நம் எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று புருஷர்கள் வந்து கதவைத் தட்டினார்கள், மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரான அவருடைய தகப்பனார் வருகிறேன் என்றும் அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரியிலிருந்துதான் வேலூர் ஆஸ்பத்திரி பிறந்தது என்று ஊழிய அழைப்புக்கு உதாரணமாகச் சொல்கிறோம். எனக்கு அந்த மூன்று பெண்களின் நினைவுதான் வரும். உள்ளே கிடந்த அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்தப் புருஷர்கள் கொடியவர்கள் அல்ல, ராத்திரி நேரத்தில் ஓடிவந்தவர்கள். தங்கள் மதத்துக்கும் வழக்கத்துக்கும் உண்மையாக இருந்தார்கள். அந்த உண்மைக்கு விலை கொடுத்தது வேறு ஒரு சரீரம்.

யெப்தாவை நினைத்துப் பாருங்கள் (நியாயாதிபதிகள் 11). பொருத்தனை பண்ணினவன் தகப்பன், நிறைவேற்றினது மகள் மேல். "என் மருமகளுக்கு ஆபரேஷன் இல்லாமப் பிறந்தா பத்தாயிரம் காணிக்கை" என்று பொருத்தனை பண்ணுகிறோம். பணம் நம்முடையதுதான், சரி. வயிறு யாருடையது? பத்தொன்பது மணி நேரம் வலியில் கிடப்பது யார்? "அம்மா பொருத்தனை பண்ணியிருக்காங்க, நான் ஆபரேஷன் கேட்டா என்ன நினைப்பாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண்களை என் கையாலே துடைத்துவிட்டிருக்கிறேன். இன்னொருவர் சரீரத்தின்மேல் பொருத்தனை பண்ண நமக்கு அதிகாரம் உண்டா என்று மூப்பர்கள் ஒருநாள் போதிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

புருஷன் தலையல்லவா, அவன் சொல்லட்டும் என்பார்கள். தலைதான். அதே அதிகாரத்தில் மனைவியைத் தன் சொந்த சரீரமாக எண்ணி அன்புகூரும்படியும் இருக்கிறது. தன் சொந்த வயிற்றில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்றால் அவன் அம்மாவிடம் மட்டும் கேட்டுக்கொண்டு சம்மதிப்பானா? சட்டமும் இதையே சொல்கிறது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவள் தாயார் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் செல்லாது, சுயபுத்தியுள்ள பெரியவளிடமே சம்மதம் வாங்கவேண்டும், உயிர்போகிற அவசரம்தான் விதிவிலக்கு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பத்திரியில் "புருஷன் எங்கே, கையெழுத்துப் போடணும்" என்று கூப்பிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. கூடக் கையெழுத்துப் போடட்டும், தப்பில்லை. அவளுடைய வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகு போடட்டும்.

அந்த மகள் வலி வரவைக்கும் வழியைத் தெரிந்துகொண்டாள். அடுத்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வேண்டும் என்று ஆசை, முதலிலேயே தழும்பு வேண்டாம், முயன்று பார்க்கிறேன் என்றாள். பலூன் வைத்தார்கள், ஜெல் வைத்தார்கள், மறுநாள் காலையில் ட்ரிப்ஸ் போட்டார்கள். மாமியாரும் அம்மாவும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தார்கள், அதுவே ஒரு அற்புதம்தான். ஏழு சென்டிமீட்டர் வரை திறந்தது. அங்கே நின்றுவிட்டது. சாயங்காலம் குழந்தையின் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. டாக்டரம்மா வந்து, "இனி தாமதிக்க வேணாம்மா" என்றபோது அவளே தலையை ஆட்டி, அவளே கையெழுத்துப் போட்டாள். ஆண் குழந்தை, 3 கிலோ 650. தாயும் சேயும் சுகம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நாற்பத்தைந்து நாள் கழித்துப் பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குச் சாட்சி நேரத்தில் இன்னொரு சகோதரி எழுந்து, "டாக்டர்கள் ஆபரேஷன்னு சொன்னாங்க, நாங்க விசுவாசத்துல நின்னோம், கர்த்தர் கத்தி படாமச் சுகப்பிரசவம் கொடுத்தார்" என்றார்கள். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன். அந்தச் சகோதரியின் சந்தோஷம் பொய்யல்ல. திரும்பிப் பார்க்கிறேன், இந்த மகள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். சாட்சி சொல்ல அவள் பெயரும் சீட்டில் இருந்தது. எழுந்திருக்கவில்லை. அவளுக்கு இரண்டு வரிசை பின்னால், போன வருஷம் பிள்ளையை இழந்த ஒரு சகோதரியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கத்தி படாமல் பிறந்ததற்கு நன்றி சொல்வதில் குறையில்லை. "நாங்க விசுவாசத்துல நின்னோம்" என்று அதற்குக் காரணம் சொல்லும்போது, கத்தி பட்டவள் நிற்கவில்லை என்று நாம் சொல்லாமலே சொல்லிவிடுகிறோம். சுகப்பிரசவம் என்ற சொல்லே எனக்கு இடிக்கிறது. வழி எதுவானாலும் தாயும் பிள்ளையும் சுகமாயிருந்தால் அது சுகப்பிரசவம்தானே? இருபது மணி நேரம் வலியையும் பட்டு அதன்மேல் தையலையும் வாங்கிக்கொண்டு, பிள்ளைக்காக இரண்டு வழியிலும் நடந்தவள் அவள். நம் சபையில் அந்த மாதம் விசுவாசத்தைக் கண்டது எங்கே என்று என்னைக் கேட்டால், அந்தக் கையெழுத்தில் என்பேன்.

பாஸ்டர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். பிரசவச் சாட்சி சொல்லும்போது டாக்டர் என்ன சொன்னார், நாங்கள் எப்படி ஜெயித்தோம் என்பதை விட்டு, பிள்ளையைத் தந்த கர்த்தருக்கு நன்றி சொல்லும்படி தாய்மார் கூட்டத்தில் புத்தி சொல்வதாகச் சொன்னார்கள். சிலருக்கு வருத்தம் இருக்கலாம், என்னிடம் வந்து பேசுங்கள்.

இன்னொரு காரியமும் கேட்டிருக்கிறேன். பிரசவத்தில் இறக்கிற தாய்மாருக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இரத்தப்போக்கு. ஊசி போட்டுப் பெற்றாலும், ஆபரேஷனில் பெற்றாலும், தானாகவே பெற்றாலும் அது வரலாம். நம் சபையில் இப்போது ஐந்து சகோதரிகள் மாசமாக இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஓ நெகட்டிவ். நம் வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் இரத்த வகை தெரியும்? 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், இரத்த சத்து 12.5-க்குக் குறையாமல் இருப்பவர்கள் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லி எடுப்பார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசல் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பெயர், இரத்த வகை, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற போன் நம்பர், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.